மூட்டுப் பெட்டியில் இருந்த ஸ்டிக்கர் எங்கே?

இடுப்பு மூட்டு மாற்றிய ஒருவர் வீட்டில் இருந்தால், அவருடைய கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, டயக்னோசிஸ் காட் எல்லாம் அல்மாரிக்கு மேலே ஒரு ஷொப்பிங் பையில் கிடக்கும். அந்தப் பையைக் கொட்டிப் பார்த்தால் மருந்துத் துண்டு முதல் ஈ.சி.ஜி. தாள் வரை எல்லாம் இருக்கும். உள்ளே பூட்டிய மூட்டு எந்தக் கம்பனியுடையது, எந்த மொடல், எந்த லொட் என்று சொல்லும் ஸ்டிக்கர் மட்டும் இருக்காது. "நல்ல சாமான், வெளிநாட்டுச் சாமான்" என்பதோடு கதை முடிந்துவிடும். வலி வந்தாலும் சரி, பழுது என்று கம்பனியே திரும்ப எடுக்கும் மீளழைப்பு வந்தாலும் சரி, வழக்குப் போடுவதானாலும் சரி, முதலில் கேட்கப்படுவது அந்த ஸ்டிக்கர்தான்.

மூட்டின் ஒவ்வொரு துண்டும் தனிப் பெட்டியில் வருகிறது. பெட்டிக்குள் ஒரே மாதிரியான ஸ்டிக்கர்கள் சில இருக்கும். ஒன்று தியேட்டர் குறிப்பில் ஒட்டப்படும், ஒன்று விற்ற கம்பனியின் கணக்குக்குப் போகும், மிச்சம் நோயாளிக்கு உரியது. அதில் கம்பனியின் பெயர், 'ரெஃப்' என்ற பட்டியல் இலக்கம், 'லொட்' என்ற தொகுதி இலக்கம், அளவு, உலோகமா பிளாஸ்ரிக்கா செரமிக்கா என்ற விபரம், காலாவதித் திகதி எல்லாம் இருக்கும். முழு மூட்டு என்றால் பெரும்பாலும் நாலு துண்டு: தொடையெலும்புக்குள் இறங்கும் தண்டு, தண்டின் நுனியில் ஏறும் பந்து, இடுப்பெலும்பில் பதியும் கிண்ணம், கிண்ணத்துக்குள் உட்காரும் லைனர். ஆக நாலு ஸ்டிக்கர் வேண்டும். ஸ்குரூ போட்டிருந்தால் அதற்கும், சீமெந்து வைத்திருந்தால் அதற்கும் தனித்தனி. பந்து ஒரு கம்பனி, தண்டு இன்னொரு கம்பனி என்று கலந்து பூட்டியிருந்தால் அது அப்போதுதான் தெரியவரும். பந்தும் தண்டும் சேரும் இடத்துக்கு இரண்டு கம்பனியும் '12/14 கூம்பு' என்று ஒரே பெயரைப் போட்டிருக்கும். ஆனால் சரிவும் மேற்பரப்பும் கம்பனிக்குக் கம்பனி வேறு. பொருந்தாத கூம்பு தேய்ந்தால் அதற்கு உற்பத்தியாளர் பொறுப்பெடுக்க மாட்டார். கேள்வி கலந்து பூட்டியவரிடம் போகும்.

பயப்படத் தேவையில்லாதவர்களை முதலில் ஒதுக்கிவிடலாம். கிணற்றடியிலோ பாத்ரூமிலோ வழுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்த வயதானவர்களுக்குப் பெரும்பாலும் வைப்பது அரை மூட்டு. ஒஸ்டின் மூர், தொம்சன், பைபோலார் என்று கிளினிக்கில் சொல்வார்கள். இடுப்புக் கிண்ணம் அவரவருடைய சொந்த எலும்புதான், உள்ளே பந்தும் தண்டும் மட்டும் புதிது. பந்தும் கிண்ணமும் இரண்டுமே உலோகமாக இருக்கும், இணையத்தில் பரபரப்பாக ஓடும் 'உலோகத்தில் உலோகம்' மூட்டுகளின் பிரச்சினை இவர்களுக்கு இல்லை. அரை மூட்டில் வலி வந்தால் பந்து கிண்ணத்தின் குருத்தெலும்பை அரைக்கிறதா, தண்டு தளர்ந்துவிட்டதா, கிருமி புகுந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியவர்கள், 2003 முதல் 2010 வரையிலான காலத்தில் சென்னையிலோ, வளைகுடாவிலோ, லண்டனிலோ, அவுஸ்திரேலியாவிலோ முழு மூட்டு மாற்றிக்கொண்டு ஊருக்கு வந்தவர்கள். அந்தக் காலத்தில்தான் ஜோன்சன் அண்ட் ஜோன்சனுக்குச் சொந்தமான டிபியூ கம்பனியின் ஏ.எஸ்.ஆர். மூட்டு உலகம் முழுக்க விற்பனையானது. 2009 டிசம்பரில் அவுஸ்திரேலியாவில் அதை விலக்கினார்கள். 2010 ஓகஸ்ட் 24 அன்று எல்லா நாடுகளிலும் மீளழைத்தார்கள். அதற்குள் கிட்டத்தட்ட 93,000 பேரின் உடம்புக்குள் அது போய்விட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் மூட்டுப் பதிவேட்டின்படி ஐந்து வருடத்துக்குள் 12 முதல் 13 சதவீதம் பேருக்கு மறு சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. பிரித்தானிய வழிகாட்டல் இன்று ஒரு நல்ல மூட்டுக்குப் போடும் அளவுகோல், பத்து வருடத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது.

ஏன் பழுதானது? சாதாரணக் கிண்ணம் பாதியாய் உடைத்த சிரட்டை மாதிரி, அரைக் கோளம். ஏ.எஸ்.ஆர். கிண்ணம் விளிம்பைச் சீவிய சிரட்டை மாதிரி, அதைவிட ஆழம் குறைவு. கோபோல்ட், குரோமியம் கலந்த உலோகப் பந்து அதே உலோகக் கிண்ணத்துக்குள் சுழல்கிறது, இடையில் மெல்லிய திரவப் படலம்தான் காப்பு. கிண்ணம் 45, 50 பாகைக்கு மேல் நிமிர்ந்து பதிந்திருந்தால் பாரம் நடுவில் விழாமல் விளிம்பில் விழும். ஆழம் குறைந்த கிண்ணத்தில் அந்த விளிம்பு சீக்கிரம் வந்துவிடும். படலம் அறுந்து உலோகம் உலோகத்தை அரைக்கும். சிறிய அளவுக் கிண்ணத்தில் இது இன்னும் மோசம். அதனால்தான் சிறிய எலும்புள்ள பெண்களுக்கு அதிகம் பாதிப்பு. விழும் துகள் கண்ணுக்குத் தெரியாத நனோ அளவு. உடம்பின் கலங்கள் அதை விழுங்கிச் சாகின்றன. மூட்டைச் சுற்றித் திரவம் தேங்கி, கட்டி மாதிரித் திரண்டு, தசையும் எலும்பும் கரைகின்றன. அந்தக் கட்டி புற்றுநோய் அல்ல. ஆனால் இடுப்பைத் தூக்கிப் பிடிக்கும் பக்கத் தசை ஒருமுறை கரைந்தால், எவ்வளவு நல்ல மூட்டு மாற்றினாலும் நொண்டல் போகாது, மூட்டு கழன்று கழன்று விழும். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று இரண்டு மூன்று வருடம் இழுப்பதில் இழப்பது அந்தத் தசையைத்தான்.

உரசும் மேற்பரப்பில் குற்றம் இல்லாமல் பொருத்தில் குற்றம் இருந்த மூட்டுகளும் உண்டு. ஸ்ட்ரைக்கர் கம்பனியின் ரிஜுவனேட், ஏ.பி.ஜி. 2 தண்டுகளில் கழுத்துத் துண்டு தனியாகக் கழற்றிப் பூட்டக்கூடியது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்தப் பொருத்து மயிரிழை அசைந்து, உலோகத்தின் காப்புத் தோல் உரிந்து, இடுக்கில் அரிப்புத் தொடங்கியது. கடற்கரை வீட்டுச் சைக்கிளில் உப்புக் காற்றால் பிடிக்கும் துரு மாதிரி அல்ல இது, அசைவும் இரசாயனமும் சேர்ந்த அரிப்பு. 2012 ஜூலையில் மீளழைத்தார்கள். எக்சாக்டெக் கம்பனியின் கதை வேறு. அங்கே மூட்டில் அல்ல, மூட்டை அடைத்த பையில் பிழை. ஒட்சிசனைத் தடுக்கும் படலம் ஒன்று குறைந்த பையில் பிளாஸ்ரிக் லைனர்கள் இருந்ததால், பூட்ட முன்னமே அவை காற்றுப்பட்டு உளுத்துப்போகத் தொடங்கின. 2004 முதல் அப்படி அடைத்தவை இதில் அடங்கும். மீளழைப்பு 2021 இல்தான் தொடங்கியது. 2024 ஒக்டோபரில் கம்பனி வங்குரோத்துக்கு மனுப் போட்டது. நட்டஈடு கேட்டவர்கள் கடன்காரர் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. சுல்சர் கம்பனியின் கிண்ணத்தை 2000 டிசம்பரில் மீளழைத்ததற்குக் காரணம், தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்ட எண்ணெய் மிச்சம் எலும்பு ஒட்ட விடாமல் தடுத்தது.

ஸ்டிக்கர் இல்லையென்றால் எக்ஸ்ரேயில் பாதி கண்டுபிடிக்கலாம். பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு பிறை போன்ற இடைவெளி தெரிந்தால் அங்கே பிளாஸ்ரிக் லைனர் இருக்கிறது. பெரிய பந்து இடைவெளியே இல்லாமல் கிண்ணத்தை நிரப்பி நின்றால் உலோகத்தில் உலோகம் என்று சந்தேகிக்க வேண்டும். தண்டுக்குப் பதிலாகக் காளான் குடை மாதிரி ஒரு தொப்பியும் குட்டி ஆணியும் தெரிந்தால் அது மேற்பரப்பு மாற்று மூட்டு. ஆனால் லொட் இலக்கத்தை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது.

அறிகுறியில் முக்கியம் இடம். நடு முதுகில் வலித்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள். பல மாதம் வலியே இல்லாமல் நடந்தவருக்குக் கவட்டியில் புதிதாக வலி, கவட்டிக்கு முன்னால் வீக்கம், கதிரையிலிருந்து எழும்பும் முதல் இரண்டு மூன்று அடியில் தொடை வலித்து நடக்க நடக்கக் குறைவது, கிளிக் என்ற சத்தம், புதிதாக நொண்டல் ஆகியவை மூட்டிலிருந்து வருபவை. கோபோல்ட் இரத்தத்தில் மிக அதிகமானால் காது இரைச்சல், பார்வை மங்கல், கை கால் விறைப்பு, தைரொயிட் குறைவு, இதயத் தசை தளர்ச்சி வரலாம். அபூர்வம்தான். ஆனாலும் இதயக் கிளினிக்குக்கும் காதுக் கிளினிக்குக்கும் தனித்தனியே அலைபவரிடம் இடுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இரத்தத்தில் கோபோல்ட், குரோமியம் அளவு பார்ப்பது சாதாரண லாப் பரிசோதனை அல்ல. நுண்மூலகத்துக்கென்று உள்ள கடும் நீல மூடிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். ஊசியின் உருக்கிலிருந்தே குரோமியம் கலக்கும் என்பதால் முதல் 5 மில்லிலீற்றரை வேறு குழாயில் எடுத்து வீசிவிட்டு, அடுத்ததைத்தான் அனுப்ப வேண்டும். இரத்தம் கொடுக்க முன்னர் "எந்தக் குழாய், எங்கே அனுப்புகிறீர்கள், எந்த அலகில் றிப்போட் வரும்" என்று மூன்றையும் கேளுங்கள். அலகு முக்கியம். பிரித்தானிய ஒழுங்குபடுத்துநர் மேலதிக பரிசோதனைக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 7 மைக்ரோகிராம். அதையே நனோமோலில் சொன்னால் கோபோல்ட்டுக்கு 119, குரோமியத்துக்கு 134.5. கோபோல்ட் 60 என்று றிப்போட்டைப் பார்த்து வீடே கதிகலங்கும், அது நனோமோல் என்றால் உண்மையில் 3.5 மைக்ரோகிராம்தான். இரண்டு உலோகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோபோல்ட் மட்டும் தனியே எகிறி, குரோமியம் பின்தங்கியிருந்தால் பந்தும் தண்டும் சேரும் கூம்பில் அரிப்பு என்று சந்தேகிக்க வேண்டும். பிளாஸ்ரிக் லைனர் உள்ளவருக்கும் இது வரலாம்.

கோபோல்ட் சிறுநீரோடுதான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு மூட்டு நன்றாக இருந்தாலும் அளவு ஏறிக் காட்டும். சிறுநீரக நோய் பரவலாக உள்ள, அம்பாறை மாவட்டத் தெஹியத்தகண்டியப் பக்கத்து ஆட்களுக்கு, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியட்டினினையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. மறுபக்கம், அளவு குறைவாக இருந்தும் உள்ளே கட்டி இருக்கலாம். அதனால் ஸ்கானும் வேண்டும். உலோக நிழலைக் குறைக்கும் முறையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் பொருத்தம். "உள்ளே இரும்பு இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுக்க ஏலாது" என்று திருப்பி அனுப்பினால் ஸ்டிக்கரைக் காட்டுங்கள். பெரும்பாலான இடுப்பு மூட்டுகளுக்கு நிபந்தனையோடு எடுக்கலாம். கிடைக்காவிட்டால் அல்ட்ராசவுண்டிலும் திரவத் தேக்கம் தெரியும்.

குழப்பம் உண்டாவது கிருமித் தொற்றில். கிருமியே இல்லாமல் உலோகத் துகளால் மட்டும் தேங்கிய திரவமும் ஊசியால் எடுத்தால் கலங்கலாக, சீழ் மாதிரியே வரும். இயந்திரம் எண்ணும் வெள்ளை அணுக் கணக்கும் உலோகக் கழிவால் பொய்யாக ஏறும். கையால் எண்ணச் சொல்ல வேண்டும், கிருமி வளர்ப்பும் பார்க்க வேண்டும். பழுதாகும் மூட்டுகளில் பெரும்பகுதி கம்பனியின் குற்றத்தால் பழுதாவதில்லை. தொற்று, கழன்று விழுதல், எலும்பு முறிவு, கிண்ணம் சரியாகப் பதியாமை ஆகியவற்றை ஒதுக்காமல் வழக்குக்குப் போனால் எதிர்த்தரப்பு முதல் நாளே அதைப் பிடித்துக்கொள்ளும். பாயில் சம்மணம் போட்டதையும், குந்தும் கக்கூசில் இருந்ததையும், தொழுகையில் தரையில் அமர்ந்ததையும் கேட்பார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று தமிழில் எழுதித் தந்தார்களா என்பதே அதற்கான எதிர்க்கேள்வி.

செரமிக் பந்து உடைந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மறுபடி மாற்றும்போது மலிவுக்காக உலோகப் பந்தும் பிளாஸ்ரிக்கும் வைக்கச் சம்மதிக்க வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் செரமிக் தூள் மிஞ்சும். அது பிளாஸ்ரிக்கில் பதிந்து உலோகப் பந்தை அரத்தால் ராவுவது போல ராவும். கோபோல்ட் நஞ்சாகி இதயம் வரை போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. மறுபடியும் செரமிக்தான் வைக்க வேண்டும்.

மறு சத்திரசிகிச்சை முடிவானால், அதற்கு முன்னமே ஒரு கடிதம் கொடுங்கள். கழற்றும் எல்லாத் துண்டுகளையும் எனக்காகப் பாதுகாத்துத் தரவும், விற்பனைப் பிரதிநிதியிடம் கொடுக்க வேண்டாம் என்று இரண்டு வரி போதும். ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு ஒன்று, வைத்திய நிபுணருக்கு ஒன்று, பெற்றுக்கொண்டதாக அவர்கள் இட்ட கையெழுத்தோடு ஒரு பிரதி உங்களிடம். கழற்றிய மூட்டைத் தேய்த்துக் கழுவக்கூடாது. பிளாஸ்ரிக் லைனரை நீராவியால் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவில் போட்டால் உருமாறிவிடும். துண்டுகள் ஒன்றோடொன்று முட்டாமல் தனித்தனிக் கொள்கலனில், பெயர், திகதி, எந்தப் பக்கம் என்று எழுதி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று குறித்து வைக்க வேண்டும். சுற்றியிருந்த தசைத் துண்டு பத்தொலொஜிக்கு போமலினில் போக வேண்டும். இந்தச் சங்கிலி அறுந்தால், கீறல் உடம்புக்குள் வந்ததா உங்கள் அல்மாரிக்குள் வந்ததா என்று நிரூபிக்க ஏலாது.

இனி வழக்கு. எந்த நாட்டில் பூட்டினார்களோ பெரும்பாலும் அந்த நாட்டுச் சட்டம்தான். அமெரிக்காவில் 2013 இல் டிபியூ கிட்டத்தட்ட 8,000 பேருக்காக ஏறக்குறைய 250 கோடி டொலருக்கு இணங்கியது, ஆளுக்கு அடிப்படைத் தொகை 2,50,000 டொலர். அது அமெரிக்க நோயாளிகளுக்கானது. மட்டக்களப்பில் இருப்பவருக்கு "உங்களுக்கும் பங்கு உண்டு, பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று வட்சப்பில் வருவது ஏமாற்று. இங்கிலாந்தில் 1987 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கம்பனியின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் தெரியவந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும், பொருள் சந்தைக்கு வந்து 10 வருடம் போனால் உரிமையே அற்றுவிடும். அப்படியும் டிபியூவின் பினக்கிள் மூட்டு வழக்கில் 2018 இல் நோயாளிகள் தோற்றார்கள். உலோகத் துகள் விழுவது மட்டும் குற்றம் அல்ல, வழமைக்கு மீறிய பழுது என்று காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்.

இந்தியாவில் ஏ.எஸ்.ஆர். பூட்டியவர்கள் சுமார் 4,700 பேர். அரசு அமைத்த நிபுணர் குழுவால் அவர்களில் கிட்டத்தட்ட 3,600 பேரைத் தேடிப்பிடிக்க முடியவில்லை. 2018 இல் ஏற்கப்பட்ட நட்டஈட்டுச் சூத்திரம் வயதையும் இயலாமையையும் வைத்து 30 இலட்சம் முதல் 1.23 கோடி இந்திய ரூபாய் வரை போனது. அந்த 3,600 பேரில் சென்னைக்குப் போய் வந்த நம்மவர்களும் இருக்கலாம். அப்போதைய டிஸ்சார்ஜ் சமரி இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள்.

இலங்கையில் நிலைமை கடினம். உற்பத்தியாளரின் தவறை நிரூபிக்காமலே நட்டஈடு தரும் தனிச்சட்டம் இங்கே இல்லை. உரோம டச்சுச் சட்டத்தின்படி தவறு, அதனால் வந்த இழப்பு, இரண்டுக்கும் உள்ள தொடர்பு மூன்றையும் காட்ட வேண்டும். வைத்தியக் கவனயீனம் பற்றிய பிரியானி சொய்சா வழக்கில் 2001 இல் உயர் நீதிமன்றம் அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றே வைத்தியரின் மேன்முறையீட்டை ஏற்றது. காசாகக் கணக்குக் காட்டக்கூடிய இழப்புக்கே அங்கே முக்கியத்துவம். அதனால் கொழும்புக்குப் போன பஸ் டிக்கெட், உடன் நின்றவரின் நாட்கூலி, வயல் குத்தகைக்கு விட்டதால் குறைந்த வருமானம் எல்லாவற்றையும் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். வெப்பத்தில் அச்சான பில் ஒரு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும், அன்றே போட்டோக் கொப்பி எடுங்கள்.

காலம்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி இவ்வாறான இழப்புக்கான வழக்கு 2 வருடத்துக்குள். அந்த 2 வருடம் சத்திரசிகிச்சை நாளிலிருந்தா, பழுது தெரிந்த நாளிலிருந்தா என்பதிலேயே வாதம் வரும், ஆகவே முந்திய திகதியை வைத்தே ஓடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு என்றால் வாங்கி 3 மாதத்துக்குள். பத்து வருடம் கழித்துப் பழுதாகும் மூட்டுக்கு அது பயன்படாது. அரச வைத்தியசாலை சம்பந்தப்பட்டால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்காமல் வழக்குப் போட ஏலாது, அந்த மாதத்தையும் கணக்கில் கழியுங்கள். குடும்பமே நேரடியாக விற்பனைக் கம்பனிக்குக் காசு கட்டி மூட்டை வாங்கியிருந்தால் அந்த இன்வொய்ஸ் தங்கம். பொருள் விற்றவரோடு உங்களுக்கு ஒப்பந்தம் உண்டு என்று தனி வழி ஒன்று திறக்கும், கம்பனி கொழும்பில் இருந்தாலும் இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் போட முடியுமா என்றும் சட்டத்தரணியிடம் கேட்கலாம். கையில் காசு இல்லாதவர்கள் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள்.

அரச ஆஸ்பத்திரியில் டிக்கெட்டை, அதாவது வார்டில் எழுதிய நோயாளிக் கோவையை, தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "மருத்துவ ஆவணம், தர ஏலாது" என்பார்கள். சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதம் தந்தால் அந்தத் தடை போய்விடும். உம்மம்மாவின் டிக்கெட்டை மகள் கேட்கிறாரென்றால் உம்மம்மாவின் கையெழுத்துச் சம்மதத்தைச் சேர்த்தே கொடுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "எல்லா ஆவணமும்" என்று கேட்காமல் சத்திரசிகிச்சைக் குறிப்பு, இம்பிளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம், தியேட்டர் பதிவேட்டில் அந்த நாளின் வரி என்று மூன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். இன்னொரு மனு தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு: இந்த மொடல் அந்தத் திகதியில் இலங்கையில் பதிவுசெய்யப்பட்டிருந்ததா, இறக்குமதி செய்தவர் யார்.

ஸ்டிக்கர் கிடைத்ததும் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். மார்கழி வெள்ளத்தில் அல்மாரி நனைந்தாலும் அது அங்கே இருக்கும். கம்பனியிலிருந்து யாராவது "பரிசோதனைச் செலவைத் தருகிறோம்" என்று ஆங்கிலத் தாளோடு வந்தால், கையெழுத்துக்கு முன் வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய மூட்டைத் திருப்பித் தருவேன், இனி வேறு உரிமை கோர மாட்டேன் என்ற இரண்டு வரியும் அதில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அந்தத் தாள் நேரே சட்டத்தரணியிடம் போக வேண்டும்.